விரைநோவு: பெயரும் பகுப்பும்
ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

முன்னுரை

மக்கள் உடம்பில் தோன்றும் நோவுகளுள் வாய்விட்டு உரைக்கப்படுவனவும் உள. உரைக்கப்படாமலே பொறுக்கப்படுவனவும் உள. விரையில் தோன்றும் நோவு இரண்டாம் வகையைச் சார்ந்தது. பல்வலியைப் பற்றித் தெருவிற் பேசுவோரும் இந்நோவைப் பற்றி வீட்டிற் பேசார். ஆயினும் மருத்துவ வரலாற்றில் இந்நோவு பெற்றுள்ள இடம் சிறிதன்று. ஒரே தோற்றமுடைய நோவொன்று பல வேறு நோய்களின் குறியாக வருவதும், அந்நோய்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய மருத்துவ உலகிற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், பிரித்தறியாத காலமெல்லாம் இளைஞர் பலர் உறுப்பிழந்ததும் இவ்வரலாற்றின் உள்ளடக்கமாகும்.

இதனைத் தமிழாய்வு இதழொன்றில் ஆராய்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நோயைப் பகுத்தல் என்பது பெயரிடுதலோடு பிரிக்கவொண்ணாத் தொடர்புடையது. பெயர் எதனைப் பற்றி எழுந்தது, கண்டதைப் பற்றியதா கருதியதைப் பற்றியதா என்னும் வினா சொல்லாராய்ச்சியாளர்க்கே உரியது. அவ்வினாவை முன்னிறுத்தியே யாம் இக்கட்டுரையில் இவ்வரலாற்றை நோக்குகின்றோம்.

1. பெயர் வழக்கு

இவ்வுறுப்பிற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. விரை, விதை என்பன வித்தின் பெயர்கள். வடமொழி வழி வந்த பீசம் என்பதும் வித்தையே குறிக்கும். அண்டம் என்பது முட்டை. வடிவு பற்றி வந்தது. பிடுக்கு என்பது பேச்சு வழக்கில் நிற்பது. பிற மொழிகளிலும் இந்நெறியே காணப்படுகின்றது. கிரேக்கர் இவ்வுறுப்பை ஆர்க்கிஸ் என்றனர். ஒரு வகைச் செடியின் கிழங்குகள் இவ்வடிவில் இருத்தலின் அச்செடியும் அப்பெயரே பெற்றது. இன்று ஆர்க்கிட் என வழங்கும் மலரின் பெயர் இவ்வாறு வந்ததே. இரட்டையர் எனப் பொருள்படும் டிடிமோய் என்னும் பெயரும் கிரேக்கத்தில் உண்டு. விரையின் பின்புறத்தே பல முறை சுருண்டு கிடக்கும் குழலை எபிடிடிமிஸ், அஃதாவது இரட்டையர் மேலிருப்பது, என்றனர். இதனை யாம் இக்கட்டுரையிற் சுருள்குழல் எனக் குறிப்போம்.

உறுப்பின் பெயர்கள் இவ்வாறு காட்சி பற்றியும் பயன் பற்றியும் அமைய, நோயின் பெயர்கள் வேறு வகையாக அமைந்தன. அண்டவாதம், விரைவாதம், அண்டவாயு என்பன ஒரு வகை. ஓதம் என்பது மற்றொரு வகை. முன்னையவை நோய்க்குக் காரணம் வாதம் அல்லது வாயு எனக் கருதியமையைக் காட்டுகின்றன. பின்னையது அவ்வாறன்று. ஓதம் என்னும் சொல்லிற்கு ஈரம், வெள்ளம், கடல் எனப் பொருள் உண்மை யாவரும் அறிவர். விரையைச் சூழ்ந்து நீர் நிற்றலைக் கண்டோர் அதற்கு நீரின் பெயரையே இட்டனர்.

அளவை நூலார் கூறும் காண்டல், கருதல் என்னும் இரண்டினையும் ஈண்டு நினைத்தல் தகும். ஓதம் என்பது காண்டற் பெயர். விரைவாதம் என்பது கருதற் பெயர். காண்டற் பெயர் கொள்கைகள் மாறியபோதும் நிலைத்தது. கருதற் பெயரோ, தான் பொதிந்து வைத்த கருத்து வீழ்ந்த பின்னும் வழக்கில் நின்று, வேறுபட்ட நோய்கள் பலவற்றை ஒரு குடைக்கீழ் மறைத்தது. இஃது எம் முதற் கருத்து.

2. பண்டையோர் செய்த பகுப்பு

பண்டையோர் பகுத்தறியாதவர் என்றல் பொருந்தாது. சுசுருத சங்கிதை விருத்தி என்னும் தலைப்பில் விரைப்பையின் வீக்கங்களை ஏழாக வகுக்கின்றது. வாதம், பித்தம், கபம், குருதி, கொழுப்பு, மூத்திரம், குடல் என்பன அவ்வேழிற்கும் அடையாயின. இவற்றுள் இறுதி இரண்டும் பெரிதும் கருதத்தக்கன. மூத்திர விருத்தி எனப்பட்டது நீர் நிறைந்த தோற்பைபோல் அசைவது எனக் கூறப்படுதலின், அஃது இன்றைய ஓதமே என்பது தெளிவு. அந்திர விருத்தி எனப்பட்டது குடல் இறங்குதல். நீரை ஊசி போன்ற கருவியாற் குத்தி வெளிப்படுத்தும் முறையும் அந்நூலிற் சொல்லப்பட்டுள்ளது. கண்ணாற் காணவும் கையால் உணரவும் இயன்றவிடத்துப் பகுப்பு நுட்பமாக அமைந்தது. இயலாதவிடத்து மூன்று தோடங்களின் பெயர் வந்து நிரம்பிற்று.

உரோம நாட்டில் கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் தம் மருத்துவ நூலின் ஏழாம் பகுதியில் இவ்வுறுப்பின் நோய்களை விரித்துரைத்தார். விரையின் மேலுள்ள சிரைகள் புடைத்து முறுக்கேறிக் கிடத்தலையும், அந்நிலையில் அப்பக்கத்து விரை மற்றையதினும் சிறுத்தலையும் அவர் குறித்துள்ளார். கனமாக இழுப்பது போன்ற நோவைத் தரும் சிரைப்புடைப்பின் பழைய விளக்கம் இது. இன்று மகப்பேறின்மை பற்றி ஆராய்வோரும் இக்குறியைத் தேடுகின்றனர்.

இவற்றினும் தொன்மையானது ஹிப்பாக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் கொள்ளை நோய்கள் என்னும் நூலின் முதற் பகுதியிலுள்ள குறிப்பு. ஈஜியன் கடலிலுள்ள தாசோஸ் தீவில் ஒரு பருவத்தில் பலர்க்குக் காதோரம் வீங்கிற்று. சிலர்க்கு ஒரு பக்கம், பலர்க்கு இரு பக்கமும். பெரும்பாலோர் படுக்கையிற் கிடக்கவில்லை. வீக்கம் சீழ் பிடியாமல் தானே வடிந்தது. இளைஞரிடத்தும், மற்களத்திற் பயில்வாரிடத்தும் இது மிகுந்து கண்டது; பெண்டிரிற் சிலர்க்கே வந்தது. அவருட் சிலர்க்கு உடனேயும் சிலர்க்குச் சின்னாள் கழித்தும் விரையில் நோவொடு கூடிய வீக்கம் தோன்றிற்று.

தமிழகத்தில் பொன்னுக்கு வீங்கி எனவும், யாழ்ப்பாணத்திற் கூகைக்கட்டு எனவும் வழங்கும் நோயே இஃதென்பதில் ஐயமில்லை. அக்குறிப்பை எழுதியவர் காரணம் எதுவும் கூறாது கண்டதை வரிசைப்படக் கூறியமையால், இருபத்துநான்கு நூற்றாண்டுகள் கழித்தும் நோய் இன்னதென நாம் அறிகின்றோம். ராபர்ட் ஹாமில்டன் என்னும் மருத்துவர் 1790 இல் எடின்பரோவில் வெளியான தம் கட்டுரையில் இத்தொடர்பை மீண்டும் விரிவாக எடுத்துக்காட்டினார். ஜான்சன், குட்பாஸ்ச்சர் என்னும் இருவர் 1934 இல் இந்நோய் வைரசால் வருவதென நிறுவினர். பருவமெய்திய ஆடவர்க்கு இந்நோய் வருங்கால், தடுப்பு மருந்து பெறாதாருள் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர்வரை விரையழற்சி உண்டாகின்றது. 1967 இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற தடுப்பு மருந்து இதனை வெகுவாகக் குறைத்தது.

3. நீர்மக் கொள்கையினின்று கிருமிக் கொள்கைக்கு

கருதற் பெயரால் இடர்ப்பட்டது தமிழுலகம் மட்டும் அன்று. மேகவெட்டை என்னும் கொனோரியா நோயுற்றார்க்கு விரை வீங்கி நோதலை ஐரோப்பிய மருத்துவர் ஹெர்னியா ஹியூமராலிஸ் என நெடுங்காலம் அழைத்தனர். உடம்பின் நீர்மம் ஒன்று கீழிறங்கி விரையில் தங்குகின்றது என்னும் எண்ணம் அப்பெயரில் உறைகின்றது. நம்மவர் விரைவாதம் என்றதற்கும் அவர் நீர்ம இறக்கம் என்றதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை எனலாம். ஜான் ஹண்டர் 1786 இல் வெளியிட்ட பாலுறவு நோய் பற்றிய நூலில் அவ்வெண்ணத்தினின்று விலகி, சிறுநீர்ப்புழைக்கும் விரைக்கும் இடையேயுள்ள ஒத்துணர்வால் வீக்கம் உண்டாகின்றது என்றார். அதுவும் கருதலே. 1879 இல் ஆல்பர்ட் நைசர் அந்நோயின் கிருமியைக் கண்ணாடிக்கீழ்க் கண்ட பின்னரே கிருமி புழையினின்று விந்துக்குழல் வழியே சுருள்குழலை அடையும் வழி தெளிவாயிற்று. இளைஞர்க்கு வரும் சுருள்குழல் அழற்சியிற் காரணம் அறியாததென ஒதுக்கப்பட்டவை பல, கிளமிடியா என்னும் நுண்ணுயிரால் வருவன என்பது 1970 களின் ஆய்வுகளால் வெளிப்பட்டது. முதியோர்க்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பாதைக் கிருமிகளே காரணமாகின்றன.

வெப்ப நாடுகளுக்குச் சிறப்பாக உரியது யானைக்கால் நோய்ப் புழு. இதன் வரலாறு விரைப்பையிலேயே தொடங்குகின்றது என்பது பலர் அறியாத செய்தி. 1863 இல் பாரிசில் டெமார்க்கே என்னும் அறுவை மருத்துவர், கியூபாவினின்று வந்த ஒருவரின் ஓதநீரில் இப்புழுவின் நுண்குஞ்சுகளைக் கண்டார். 1866 இல் வூக்கரர் பிரேசிலிலும், 1872 இல் லூயிஸ் கல்கத்தாவிலும் முறையே சிறுநீரிலும் குருதியிலும் கண்டனர். 1876 இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பாங்க்ராப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். 1877 இல் சீனத்தின் அமாய் நகரிலிருந்த பாட்ரிக் மான்சன் அது கொசுவின் உடம்பில் வளர்தலைக் காட்டினார். முதிர்ந்த புழுக்கள் விரைக்கு மேலுள்ள நிணநாளங்களில் வாழ்தலால் காய்ச்சலொடு கூடிய நோவு அவ்வப்போது வருகின்றது. பின்னர் ஓதம் நிலைக்கின்றது. கும்பகோணம் முதலிய ஊர்களின் பெயரோடு யானைக்கால் சேர்த்துப் பேசப்பட்ட நம் நாட்டில் இச்செய்தி தனிக் கவனத்திற்கு உரியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2016 இல் இலங்கை இந்நோயைப் பொது நலச் சிக்கல் என்னும் நிலையினின்று நீக்கியதாக உறுதிப்படுத்திற்று.

இங்ஙனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அழற்சிக்கு உரிய காரணங்கள் பல காட்சிக்கு வந்தன. ஆயினும் அவ்வெற்றியே வேறொரு மறைப்பிற்கு இடமாயிற்று. விரை நோவு என்றால் அழற்சி என்னும் எண்ணம் வேரூன்றியது. அழற்சியல்லாத ஒரு நோய் அதன் நிழலில் மறைந்து நின்றது.

4. முறுக்கு

விரை தனித்து நிற்பதன்று. தமனி, சிரை, நரம்பு, விந்துக்குழல் ஆகியவை சேர்ந்த கொடியொன்றில் அது தொங்குகின்றது. அதனைச் சூழ்ந்த மெல்லுறை பெரும்பாலோர்க்குப் பின்புறத்தே அதனைப் பற்றி நிறுத்துகின்றது. சிலர்க்கோ அவ்வுறை விரையை முழுதும் சூழ்ந்துகொள்ளுதலால், அது மணியின் நாக்குப் போல் கட்டின்றித் தொங்குகின்றது. அந்நிலையில் விரை தன் கொடியைச் சுற்றித் திரும்பினால் முதலில் சிரை அடைபடும், வீக்கம் மிகும், பின்னர்த் தமனியும் அடைபடும், குருதியின்றி உறுப்பு இறக்கும். இதுவே விரைமுறுக்கு. இருபத்தைந்து வயதிற்குட்பட்ட ஆடவருள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4000 பேரில் ஒருவர்க்கு இது நேர்கின்றது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை இது மிகுதி. பிறந்த குழவிக்கும் வருவதுண்டு.

1840 இல் பிரெஞ்சு மருத்துவர் டெலாசியாவ் வெளியிட்ட கட்டுரையே இதன் முதற் பதிவு எனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அக்கட்டுரையின் தலைப்பே வரலாற்றைச் சொல்கின்றது: காலந்தாழ்த்து இறங்கிய இடவிரை, நெரிபட்ட குடலிறக்கம் எனப் பிழைபடக் கொள்ளப்பட்டமை என்பது அதன் பொருள். முறுக்கு முதன்முதல் அறியப்பட்டது மற்றொரு நோயாகப் பிறழ உணரப்பட்டே என்பது ஈண்டு உன்னத்தக்கது.

இத்துணைக் காலம் அது காணப்படாமைக்குக் காரணம் யாது? இரண்டு காரணங்களை யாம் கூறுவோம். முதலாவது, முறுக்கைத் தோலுக்கு வெளியே காணவொண்ணாது. திறந்து பார்த்தாலன்றிக் காட்சி இல்லை. 1846 இல் மயக்க மருந்தும் 1867 இல் லிஸ்டரின் கிருமித்தடை முறையும் வெளிப்படுமுன், உயிருக்கு இடரில்லாத வீக்கமொன்றை அறுத்துப் பார்க்க எவர் துணிவர்? ஆகவே, 1830 இல் ஆஸ்ட்லி கூப்பரும் 1843 இல் கர்லிங்கும் விரை நோய்களுக்கெனத் தனிநூல்களே எழுதியும், முறுக்கு மருத்துவர் பொதுவறிவில் இடம்பெற மேலும் அரை நூற்றாண்டு கழிந்தது.

இரண்டாவது காரணம் நுட்பமானது. முறுக்குண்ட விரை இறந்தபின் நோவு தணிகின்றது. நாளடைவில் வீக்கமும் வடிகின்றது. சுருங்கிய உறுப்பொன்று எஞ்சுகின்றது. மருந்து பூசியவர் தம் மருந்தால் அழற்சி ஆறிற்று என மகிழ்ந்திருப்பர். கொடிய அழற்சிக்குப் பின்னும் விரை சுருங்குதல் உண்டு. எனவே, முடிவைக் கண்டும் தொடக்கத்தை உணர வழியில்லாது போயிற்று. சாவே நலமாகத் தோன்றிய இடம் இது. பழைய ஏடுகளில் ஆறியதாகச் சொல்லப்படும் விரைவாதங்களுள் எத்துணை இவ்வாறு ஆறியவை என்பதை இன்று எவராலும் பிரித்துரைத்தல் இயலாது.

1893 இல் நாஷ் என்பார் முறுக்கை அறுவையின்றிக் கையாலேயே திருப்பி உடனே நலம் கண்டமையை வெளியிட்டார். 1907 இல் ரிக்பி, ஹோவர்டு ஆகிய இருவரும் முறுக்கைப் பற்றி விரிவாக எழுதினர். 1922 இல் கோல்ட் என்பார், விரையின் மேல்முனையிலுள்ள சிறு தொங்கல் மட்டும் முறுக்குண்ணுதலைத் தனியே பிரித்துக் காட்டினார். மார்கான்யியின் பெயர் பெற்ற அத்தொங்கல் கருநிலையின் எச்சம்; அது முறுக்குண்டால் ஓய்வொன்றே பெரும்பாலும் போதும். பகுப்பின் பயன் இதனால் விளங்கும். ஒத்த நோவுகள் இரண்டனுள் ஒன்று உடனடி அறுவையை வேண்டுவது; மற்றொன்று அறுவையே வேண்டாதது.

5. இன்றைய ஆய்வு முறை

இவ்வரலாற்றின் பயனாக அமைந்ததே இன்றைய மருத்துவரின் ஆய்வு முறை. முதலில் வினவுதல்: நோவு திடுமெனத் தொடங்கிற்றா, படிப்படியாக வளர்ந்ததா? உறக்கத்தினின்று எழுப்பிற்றா? வாந்தி உண்டா? காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ உண்டா? அடிபட்டதா? முன்னர் இவ்வாறு வந்து தானே தணிந்ததுண்டா? திடுமென எழுந்து வாந்தியொடு வருவது முறுக்கையும், மெல்ல வளர்ந்து சிறுநீர்க் குறிகளொடு வருவது அழற்சியையும் நினைப்பிக்கும்.

அடுத்தது காண்டல். முறுக்குண்ட விரை மேலேறிக் கிடையாகக் கிடக்கலாம். தொடையின் உட்புறத்தை வருடினால் அப்பக்கத்து விரை மேலெழுதல் இயல்பு. முறுக்கில் இவ்வெழுச்சி பெரும்பாலும் இராது. 1934 இல் பிரென் என்பார், விரைப்பையைத் தூக்கினால் அழற்சி நோவு தணியும், முறுக்கு நோவு தணியாது என ஒரு குறி கூறினார். அது நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. எனினும் அதனை மட்டும் நம்புதல் ஆகாதென்பது இன்றைய முடிபு. 2013 இல் வெளியான மதிப்பெண் முறையொன்றில் வீக்கத்திற்கு இரண்டு, கடினத்திற்கு இரண்டு, எழுச்சியின்மைக்கு ஒன்று, குமட்டல் வாந்திக்கு ஒன்று, மேலேறி நிற்றலுக்கு ஒன்று என ஏழு எண்கள் வகுக்கப்பட்டன. கண்ட குறிகளை எண்ணுதலன்றிக் கருதலுக்கு அதில் இடமில்லை என்பது நோக்கத்தக்கது.

சிறுநீர் ஆய்வும், ஒலியலையாற் குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஆய்வும் துணை செய்வன. 1842 இல் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களின் ஒளி பற்றிக் கூறிய நெறி, விரையினுள் குருதி ஓடுகின்றதா என்பதை அறுவையின்றிக் காட்டும் கருவியாயிற்று. ஆயினும் முறுக்கென ஐயம் வலுத்தவிடத்துக் கருவிக்காகக் காத்திராது அறுவைக்குச் செல்லுதலே முறை. தொடக்கத்தினின்று ஆறு மணி நேரத்திற்குள் திருப்பப்பட்டால் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட விரைகள் பிழைக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்திற் பாதியளவே. ஒருநாள் கடப்பின் மிகச் சிலவே. உறைக் குறை பெரும்பாலும் இரு பக்கமும் இருத்தலின், மற்றை விரையையும் அப்போதே தைத்து நிறுத்துவர்.

நோவு விரையிலிருந்தும் நோய் வேறிடத்திருத்தலும் உண்டு. சிறுநீரகக் கல் இறங்குங்கால் அந்நோவு விரையில் உணரப்படுகின்றது. கருவில் விரை சிறுநீரகத்தின் அருகே தோன்றிப் பின்னர்க் கீழிறங்குதலும், தன் குருதிக் குழாய்களையும் நரம்புகளையும் உடன்கொண்டு வருதலுமே இதற்குக் காரணம். அவ்விறக்கத்தை 1762 இல் விளக்கியவரும் ஜான் ஹண்டரே. குடலிறக்கமும் இவ்வாறு நோவு தரலாம். மறுதலையாக, விரையிலேயே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவின்றி வளர்வது. எனவே நோவின்மை நலத்திற்குச் சான்றாகாது.

6. தமிழும் இந்நோவும்

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். துரூயிட்டின் அறுவை நூலை இரணவைத்தியம் எனத் தமிழாக்கி 1867 இல் வெளியிட்டார். லிஸ்டரின் கட்டுரைகள் வெளியானதும் அதே ஆண்டு. முறுக்கு உலக மருத்துவத்திலேயே நிலைபெறாத அக்காலத்தில், ஐரோப்பியர் அறிந்த அறுவைக் கலையைத் தமிழ் மாணவன் தன் மொழியிற் கற்க இயன்றது. அம்முயற்சி தொடர்ந்திருப்பின், பின்னர் வந்த பகுப்புகளும் உடனுக்குடன் தமிழ்ப்பெயர் பெற்றிருக்கும். அங்ஙனம் நிகழாமையால், விரைமுறுக்கு என்னும் எளிய தொடர் இன்றும் பொதுமக்கள் வழக்கிற் பரவவில்லை. வீக்கம் என்றும், சூடு என்றும், வாயு என்றுமே கூறப்படுகின்றது.

இதனோடு மற்றொரு தடையும் உண்டு. தகுதி வழக்கின் மூன்றனுள் ஒன்றாக இடக்கரடக்கலை நம் இலக்கணிகள் வகுத்தனர். அவையில் உரைக்கத் தகாததை வேறு வாய்பாட்டாற் கூறல் நாகரிகமே. ஆயின், நள்ளிரவில் நோவால் விழித்த சிறுவன் தாயிடம் அடிவயிறு வலிக்கின்றது என்கின்றான். தாய் சீரகம் கொதித்த நீர் தருகின்றாள். மருத்துவர் வயிற்றை மட்டும் தொட்டுப் பார்த்து அனுப்புகின்றார். ஆறு மணி நேரம் இவ்வாறு கழிகின்றது. முறுக்கின் நோவு உண்மையிலேயே அடிவயிற்றிற் பரவுதலும் உண்டாகலின் பிழை எளிதில் நேர்கின்றது. இளைஞன் வயிற்றுவலி என்று வருங்கால் விரையையும் நோக்குக என மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படுவது இதுபற்றியே. அவைக்கு வகுத்த மரபை நோய்ப்படுக்கைக்குக் கொண்டுசெல்லுதல் இலக்கணிகளின் கருத்தன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விரைநோவின் வரலாறு கருதற் பெயர்களினின்று காண்டற் பெயர்களுக்கு வந்த வரலாறு என்பது புலனாகும். தாசோஸ் தீவின் குறிப்பும், நீர் நிறைந்த தோற்பை என்ற உவமையும், ஓதம் என்னும் தமிழ்ச் சொல்லும் கண்டதைக் கூறியமையால் நிலைத்தன. வாதம் என்றும் நீர்ம இறக்கம் என்றும் ஆராயாது அழற்சி என்றும் கூறியவை உண்மையை மறைத்தன.

முறுக்கு என்பது எவரும் அறிந்த சொல். கயிறு முறுக்கேறுதலை அறியாத சிறுவன் இல்லை. முறுக்கேறிய கொடியில் நீரோடாது என்பதும் அவனுக்குத் தெரியும். விரைமுறுக்கு என்னும் பெயரைப் பள்ளிப் பாடநூலிலும் வீட்டுப் பேச்சிலும் இடம்பெறச் செய்தல் சொல்லாக்கத்தில் ஈடுபட்டார்க்குச் சிறு பணியே. அப்பெயரை அறிந்த சிறுவன் விடியும்வரை பொறுத்திரான். அறிந்த தாய் சீரக நீர் கொதிக்கும்வரை காத்திராள். இந்நோயில் எஞ்சி நிற்பது ஆறு மணி நேரமே ஆதலின், அச்சொல் முன்னரே அவர் நாவில் இருத்தல் வேண்டும்.